பேஸ்பாலின் கீழ்த்தளம்: ஓர் இளம் வீரர் எப்படி உருவாகிறார்?

2024 ஏப்ரல் 10 அன்று பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காக ஜாக்சன் ஹாலிடே முதன்முறையாக அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் களத்தில் இறங்கினார். வயது 20. இரண்டு வருடம் முன்பு நடந்த டிராஃப்டில் (அணிகள் முறை போட்டு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எல்லோருக்கும் முதலாவதாக எடுக்கப்பட்டவர். அப்பா மாட் ஹாலிடேயும் பல வருடம் மேஜர் லீக்கில் ஆடிய நட்சத்திரம். 2023இல் அதற்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கின் நான்கு மட்டங்களையும் ஒரே சீசனில் தாண்டி வந்தவர் என்பதால் எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். அவர் 34 முறை பேட் பிடித்து எடுத்தது இரண்டே இரண்டு ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஓடி, பேஸைப் பத்திரமாக அடைவது). 18 முறை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே அவுட். ஏப்ரல் 26ஆம் தேதி அவரைக் கீழே இருக்கும் நார்ஃபோக் அணிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒரு வீழ்ச்சியாகத் தெரியும். இந்திய அணியிலிருந்து ஒரு பையனை இரண்டே வாரத்தில் கழற்றிவிட்டால் தொலைக்காட்சி விவாதம் நடக்கும், பயோபிக் வரைக்கும் பேசுவார்கள். பேஸ்பாலில் இது அன்றாட நடைமுறை. ஹாலிடே நார்ஃபோக்கில் மூன்று மாதம் ஆடினார். ஜூலை 31 அன்று மேலே திரும்பி வந்தார். வந்த அன்றே மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்க ஹோம் ரன் அடித்தார். விழுந்த பையனைக் கீழே இறக்கி, பழுது பார்த்து, மறுபடி மேலே ஏற்றுவதற்கென்றே அந்த நாட்டில் ஒரு முழு அமைப்பு இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, யாருக்காக வேலை செய்கிறது என்பதைப் பார்க்கலாம்.

முதலில் ஏணி. மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு மைனர் லீக் அணிகள்: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. ஆக மொத்தம் 120 அணிகள். இவற்றுக்கும் கீழே அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் பயிற்சி மைதானங்களிலேயே நடக்கும் புதுமுக லீக்குகள். இன்னும் கீழே டொமினிகன் குடியரசில் ஒரு கோடைகால லீக். மேஜர் லீக் அணி ஒன்றில் சீசனின் பெரும்பகுதியில் 26 பேருக்குத்தான் இடம். முப்பதால் பெருக்கினால் 780. அமெரிக்க மண்ணில் ஓர் அணி வைத்திருக்கக்கூடிய மைனர் லீக் வீரர்களின் உச்சவரம்பு சீசன் நடக்கும்போது 165. அதையும் முப்பதால் பெருக்கிப் பாருங்கள். கீழே ஏறக்குறைய 5 ஆயிரம் பேர், மேலே 780 நாற்காலி. அந்த நாற்காலிகளிலும் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு நீளமான ஏணி? பந்து, அதை எறியும் பிட்சரின் கையிலிருந்து பேட்டரிடம் வர வேண்டிய தூரம் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வந்தால் சுமார் 0.4 நொடி. அதற்குள் பந்து எங்கே வரும், வளையுமா, அடிக்கலாமா விடலாமா என்று முடிவெடுத்தாக வேண்டும். உடல்பலம் மட்டும் இருந்தால் இது வராது. ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும். பள்ளியில் பார்த்த பந்துக்கும் மேலே பார்க்கப்போகும் பந்துக்கும் நடுவில் பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவதுதான் ஒவ்வொரு மட்டத்தின் வேலை.

சிங்கிள் ஏ மட்டத்தில் வேகமாக எறியத் தெரிந்த பையன்கள் நிறைய. எங்கே எறிகிறோம் என்பதுதான் அவர்களுக்கே தெரியாது. அங்கே ஒரு நல்ல பேட்டர் ஃபாஸ்ட்பாலுக்காகக் காத்திருந்தே பிழைத்துவிடலாம். டபுள் ஏ வந்தவுடன் கதை மாறுகிறது. அங்குள்ள பிட்சர் மூன்று விதமான பந்துகளை நினைத்த இடத்தில் போடுவார். உங்கள் பலவீனம் எதுவென்று முந்தைய ஆட்டங்களின் வீடியோவில் பார்த்து வைத்திருப்பார். தாழ்வாக வெளியே வளைந்து போகும் ஸ்லைடர் பந்தைத் துரத்தும் பழக்கம் இருந்தால் அது மட்டுமே வந்துகொண்டிருக்கும். இளம் வீரர்களைச் சலிக்கும் உண்மையான சல்லடை டபுள் ஏதான் என்று பேஸ்பால்காரர்கள் பல காலமாகச் சொல்கிறார்கள். அங்கே தேறிய சிலர் டிரிபிள் ஏவைத் தொடாமலே மேலே போய்விடுகிறார்கள். டிரிபிள் ஏ ஓரளவுக்குக் காத்திருப்போர் அறை: மேலே இருந்து இறங்கியவர்கள், யாராவது காயம்பட்டால் போகத் தயாராக இருப்பவர்கள், முப்பது தாண்டியும் விடாதவர்கள் எல்லோரும் அங்கேதான்.

ஏணியைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு டேவிட் கிளைட் கதையைச் சொல்வார்கள். 1973இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை டிராஃப்டில் முதலாவதாக எடுத்தது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார், வயது 18. ரேஞ்சர்ஸ் தோற்றுக்கொண்டிருந்த அணி, டிக்கெட் விற்கவில்லை. உரிமையாளர் பாப் ஷார்ட் பையனை நேராக மேஜர் லீக்கில் இறக்கினார். ஜூன் 27 அன்று ஆர்லிங்டன் மைதானம் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களால் நிரம்பியது. கிளைட் ஐந்து இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) எறிந்து ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து ஜெயித்தார். இரண்டு ஆட்டம் முடிந்ததும் மைனர் லீக்குக்கு அனுப்பிவிடலாம் என்பது மேனேஜர் (அணியின் தலைமைப் பயிற்சியாளர்) வைட்டி ஹெர்சாக்கின் எண்ணம். கூட்டம் வருகிறதே, யார் அனுப்புவார்கள்? அடுத்து தோல்விகள், கைவலி, அறுவை சிகிச்சை. 18 வெற்றி, 33 தோல்வியோடு 1979இல் அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. அதே 1973இல் டேவ் வின்ஃபீல்ட் கல்லூரியிலிருந்து நேரே சான் டியாகோ அணிக்குப் போய்ப் பிற்காலத்தில் மாபெரும் வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கே தேர்வானார் என்பதும் உண்மைதான். ஆனால் வின்ஃபீல்டை நம்பி யாரும் கொள்கை வகுப்பதில்லை.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். 2023இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் முதலாவதாக எடுத்த பால் ஸ்கீன்ஸ் மணிக்கு 100 மைல் வேகத்தில் எறிபவர். 92 லட்சம் டாலர் கொடுத்து ஒப்பந்தம் போட்டார்கள். 2024 தொடக்கத்தில் டிரிபிள் ஏ பேட்டர்கள் அவரைத் தொடவே முடியவில்லை. இருந்தும் முதல் சில ஆட்டங்களில் மூன்று இன்னிங்ஸ் அளவிலேயே நிறுத்திவிட்டார்கள். மே 11 அன்றுதான் மேலே அழைத்தார்கள். அந்த வருடமே தேசிய லீக்கின் (மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) சிறந்த புதுமுகம் ஆனார்.

இப்படி ஓர் ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது பிட்சரை வெளியே எடுத்தால் அந்த மைனர் லீக் அணி தோற்காதா? தோற்கலாம். புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் பிடிபடாத விஷயம் இதுதான். மைனர் லீக்கில் ஸ்கோர்போர்டு உண்டு, கோப்பை உண்டு, ஊர்க்காரர்களின் ஆரவாரம் உண்டு. வெற்றி மட்டும் முக்கியமில்லை. யார் எந்த இடத்தில் ஆட வேண்டும், பிட்சர் எத்தனை பந்து எறியலாம், எந்தப் பந்தைப் பழக வேண்டும் என்பதையெல்லாம் மேலே இருக்கும் தாய் அணி முடிவு செய்கிறது. வேகமாக வருவதுபோல் ஏமாற்றி மெதுவாக வரும் சேஞ்சப் பந்து சரியாக வராத பிட்சரிடம், அடி வாங்கினாலும் பரவாயில்லை, சேஞ்சப்பே போடு என்பார்கள். முதலிடத்தில் ஓடும் அணியின் சிறந்த பேட்டரை ஜூலையில் அடுத்த மட்டத்துக்குத் தூக்கிவிடுவார்கள். உள்ளூர் மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீரர்களுக்கும் கோச்களுக்கும் சம்பளம் தருவதும் தாய் அணிதான். டிக்கெட், தின்பண்டம், வாணவேடிக்கை இவற்றில் வரும் காசுதான் பெரும்பாலும் உள்ளூர் உரிமையாளரின் பிழைப்பு.

இந்த ஏற்பாடு தானாக முளைத்ததல்ல. நூறு வருடம் முன்பு மைனர் லீக் அணிகள் சுதந்திரமானவை. நல்ல வீரரை வளர்த்துப் பெரிய அணிகளுக்கு விற்றுப் பிழைத்தன. செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் அப்படி வாங்கப் பணம் இல்லை. நியூயார்க் அணிகள் அதிக விலை கொடுத்துத் தட்டிப் பறித்துவிடும். அதன் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி 1920களில் ஒரு யோசனை செய்தார்: வீரர்களை வாங்குவதற்குப் பதில் அணிகளையே வாங்கிவிட்டால்? நூற்றுக்கணக்கான பையன்களைக் குறைந்த காசுக்குச் சேர்த்து, எல்லோருக்கும் ஒரே முறையில் கற்றுக்கொடுத்து, தேறியவர்களை மேலே கொண்டுவந்து, மிஞ்சியவர்களை விற்கலாம். பண்ணை முறை என்று பெயர் வந்தது. 1930களின் இறுதியில் கார்டினல்ஸின் கையில் முப்பதுக்கும் மேற்பட்ட அணிகள் இருந்தன. இவ்வளவு வீரர்களை ஒரே இடத்தில் பூட்டி வைப்பது அநியாயம் என்று பேஸ்பாலின் தலைமை நிர்வாகியான கமிஷனர் கெனசா லாண்டிஸ் 1938இல் எழுபதுக்கும் மேற்பட்ட கார்டினல்ஸ் இளைஞர்களை விடுவித்தார். ஆனால் முறை நிற்கவில்லை. மற்ற அணிகளும் அதையே பின்பற்றின. இதே ரிக்கிதான் பின்னர் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்து, 1946இல் மான்ட்ரியல் மைனர் லீக் அணியில் ஆடவிட்டு, அடுத்த வருடம் மேஜர் லீக்கின் நிறவெறித் தடையை உடைத்தவர்.

ஆக, ஆரம்பத்திலிருந்தே பண்ணை முறைக்கு இரண்டு வேலை: வீரரை வளர்ப்பது, வீரரைக் கையில் வைத்திருப்பது. இரண்டும் ஒன்றாகவே பின்னிக் கிடப்பதால்தான் 'இவனை எப்போது மேலே அழைக்கலாம்' என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அபூர்வமாகவே கிடைக்கிறது.

கிரிஸ் பிரையன்ட் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். 2015 பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்துத் துவம்சம் செய்தார். ஆனாலும் சிகாகோ கப்ஸ் அவரை மைனர் லீக்குக்கு அனுப்பியது. ஃபீல்டிங் இன்னும் மெருகேற வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்தார்கள். இடைப்பட்ட சில நாளில் ஃபீல்டிங் என்ன மெருகேறியதோ! விஷயம் வேறு. மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு வருட சேவை; அப்படி ஆறு வருடம் சேர்ந்தால்தான் வீரர் சுதந்திரமாக எந்த அணிக்கும் போகலாம். அந்த வருடம் பிரையன்டின் கணக்கில் சேர்ந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அதனால் கப்ஸுக்கு அவர்மீது கூடுதலாக ஒரு வருட உரிமை கிடைத்தது. அவர் செய்த முறையீடு 2020இல் தள்ளுபடியானது. அணிகளுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு மாற்று கொண்டுவந்தார்கள்: சிறந்த இளம் வீரரை சீசனின் முதல் நாளிலிருந்தே ஆடவிட்டு, அவர் பெரிய விருது வாங்கினால், அணிக்கு டிராஃப்டில் கூடுதலாக ஒரு வாய்ப்பு. சியாட்டில் அணி ஜூலியோ ரோட்ரிகஸால் அதை முதலில் பெற்றது. தண்டிப்பதைவிட ஆசை காட்டுவது வேலை செய்கிறது போல.

வீரர் பக்கமும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. 18 வயதுக்குள் ஒப்பந்தமானவரை ஐந்து சீசனுக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வயதில் வந்தவரை நான்கு சீசனுக்குள்ளும் அணியின் 40 பேர் பட்டியலில் (ஆடும் 26 பேரும் அவர்களுக்கு மாற்றாக வரக்கூடியவர்களும் அடங்கியது) சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் 'ரூல் 5 டிராஃப்ட்' என்ற நிகழ்வில் வேறு அணி அவரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக்கிலேயே வைத்திருக்க வேண்டும். இதற்கு நிகரான ஒரு விதியில்தான் 1954இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் மான்ட்ரியலில் வைத்திருந்த ஓர் இளைஞரை பைரேட்ஸ் தூக்கிக்கொண்டது. அவர் பெயர் ராபர்ட்டோ கிளெமென்டி. டாட்ஜர்ஸ் ரசிகர்கள் இன்றும் பெருமூச்சு விடலாம்.

சரி, இவ்வளவு கவனமாகப் பார்ப்பவர்களுக்கு யார் தேறுவார் என்று முன்கூட்டியே தெரியுமா? இளம் வீரர்களைத் தேடிப் பார்த்து எடைபோடும் ஸ்கவுட்கள் ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள்: அடிப்பது, பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறிதல். ஐம்பது என்றால் மேஜர் லீக் சராசரி. ஆனால் 2009இல் மைக் ட்ரவுட்டை 24 பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள். ஏஞ்சல்ஸ் அணிக்கு அப்போது அடுத்தடுத்து இரண்டு வாய்ப்பு. முதலில் வேறொருவரை எடுத்துவிட்டு அப்புறம்தான் ட்ரவுட்டை எடுத்தது! ஆல்பர்ட் பூஹோல்ஸ் 13ஆவது சுற்று. மறுபக்கம், 1991இல் யாங்கீஸ் முதலாவதாக எடுத்த பிரையன் டெய்லர் ஒரு கைகலப்பில் தோளில் பலத்த காயம்பட்டு மேஜர் லீக்கைப் பார்க்கவே இல்லை. 2013இன் முதல் தேர்வு மார்க் அப்பெல் நடுவில் ஆட்டத்தையே விட்டுவிட்டு, திரும்பி வந்து, 30 வயதில்தான் அந்தக் களத்தை மிதித்தார்.

இந்தப் பட்டியலைப் பார்த்து அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆரன் ஜட்ஜ் 2016இல் மேலே வந்து முதல் முறை பேட் பிடித்தபோதே ஹோம் ரன் அடித்தார். அதன்பின் திணறி, ஹிட் அடித்த சராசரி .179இல் நின்றது, 84 முறைக்கு 42 ஸ்ட்ரைக் அவுட், அதாவது சரிபாதி. அந்தக் குளிர்காலத்தில் ஸ்விங்கை மாற்றினார். அடுத்த வருடம் 52 ஹோம் ரன். ஸ்கவுட்டின் ஐந்து மதிப்பெண்களில் எதுவும் இந்த மாற்றத்தை அளக்காது. பள்ளியிலும் கல்லூரியிலும் இந்தப் பையன்கள் தோற்றதே கிடையாது. தோற்காதவன் தோற்றால் என்ன செய்வான் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மைனர் லீக்கில் வருடக்கணக்காக வைத்திருந்து அடிவாங்க விட்டுப் பார்ப்பதைத் தவிர இதுவரை வேறு வழி தெரியவில்லை. என் பார்வையில் அந்த அமைப்பு செய்யும் உருப்படியான வேலை இதுதான். மற்றதெல்லாம் கணக்கு வழக்கு.

நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு கதையும் இதையே காட்டுகிறது. 2008இல் இந்தியாவில் நடந்த ஓர் எறிதல் போட்டியில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்கள் தேர்வானார்கள்: ரிங்கு சிங், தினேஷ் படேல். (கிரிக்கெட் ரிங்கு சிங் வேறு ஆள்.) பேஸ்பாலைக் கையில் தொட்டிராதவர்கள். கலிஃபோர்னியாவில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதம் பழகி, அந்த வருட இறுதியிலேயே பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2009இல் ஃபுளோரிடாவின் புதுமுக லீக்கில் எறிந்தார்கள். படேலை 2010 முடிவில் விடுவித்தார்கள். இடது கைக்காரரான சிங் சிங்கிள் ஏ வரை ஏறினார். அதன்பின் காயங்கள் நிறுத்திவிட்டன, கடைசியில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். வேகத்தைச் சில மாதத்தில் உருவாக்க முடிந்தது. எந்தப் பேட்டருக்கு எந்தப் பந்து என்ற அறிவு மற்ற பையன்களுக்குப் பத்து வயதிலிருந்தே சேர்ந்துகொண்டிருந்தது.

டொமினிகன் குடியரசில் அந்தப் பத்து வயதுதான் வியாபாரமே. முப்பது அணிகளுக்கும் அங்கே அகாடமி உண்டு. டிராஃப்ட் இல்லாததால் 16 வயதில் நேரடி ஒப்பந்தம். தனியார் பயிற்சியாளர்கள் பையன்களைச் சிறு வயதிலேயே சேர்த்துச் சாப்பாடு போட்டுப் பயிற்சி கொடுத்து, ஒப்பந்தப் பணத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். முறையான வயது வருவதற்குப் பல வருடம் முன்பே வாய்மொழியாக விலை பேசப்படுகிறது என்பது ஊரறிந்த ரகசியம். பிறந்த தேதியை மாற்றுவது, ஊக்கமருந்து எல்லாம் இதன் கிளைகள். இந்த வழியில் வந்தவர்தான் ஹுவான் சோட்டோ. 2015இல் வாஷிங்டன் அணி 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. 2018 சீசனை சிங்கிள் ஏவில் தொடங்கி, டபுள் ஏவில் எட்டே ஆட்டம் ஆடிவிட்டு, மே 20 அன்று 19 வயதில் மேஜர் லீக்கில் நின்றார். பக்கத்து வெனிசுவேலாவில் ஹோஸே அல்டூவேயை ஆள் குள்ளம் என்று முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் மறுபடி வந்து நின்றவரை ஹூஸ்டன் வெறும் 15 ஆயிரம் டாலருக்கு எடுத்தது. அவர் 2017இல் மேஜர் லீக்கின் மற்றொரு பிரிவான அமெரிக்க லீக்கின் மிகச் சிறந்த வீரர். சோட்டோவையும் அல்டூவேயையும் நமக்குத் தெரியும். 16 வயதில் பள்ளியை விட்டு வந்து 20 வயதில் வெறுங்கையோடு வீடு திரும்பும் பையன்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். பல காலமாக மைனர் லீக் சம்பளம் வெட்கக்கேடாகவே இருந்தது. சீசன் இல்லாத மாதங்களில் சம்பளமே கிடையாது. ஒரு வீட்டில் ஆறேழு பேர் தரையில் படுத்துக்கொண்டு, குளிர்காலத்தில் கிடங்கு வேலை பார்த்துக்கொண்டு, நடுவில் உடம்பையும் தேற்ற வேண்டும். முன்னாள் வீரர்கள் 2014இல் தொடுத்த வழக்கு 2022இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அதே வருடம் அணிகளே தங்குமிடம் தரும் விதி வந்தது. வீரர்கள் சங்கமும் மைனர் லீக்கைச் சேர்த்துக்கொண்டது. 2023 ஒப்பந்தத்தில் டிரிபிள் ஏ குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. சிங்கிள் ஏவில் 11,000 இருந்தது 26,200. வளர்ச்சி பற்றி அத்தனை ஆராய்ச்சி செய்த அணிகளுக்கு, பையன் ஒழுங்காகச் சாப்பிட்டால் நன்றாக ஆடுவான் என்பது புரிய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இதற்கு மறுபுறம் ஒரு சுருக்கமும் நடந்தது. 2020இல் கோவிட் காரணமாக மைனர் லீக் சீசனே நடக்கவில்லை. அடுத்த வருடம் மேஜர் லீக் அமைப்பு எல்லாவற்றையும் தன் கையில் எடுத்து, 160 வாக்கில் இருந்த அணிகளை 120 ஆக்கியது. பல சிற்றூர்கள் தலைமுறைகளாக வைத்திருந்த அணியை இழந்தன. 40 சுற்றாக இருந்த டிராஃப்ட் 20 ஆனது. ஓர் அணி வைத்திருக்கக்கூடிய மைனர் லீக் வீரர் எண்ணிக்கையும் 180இலிருந்து 165க்கு இறங்கியது. பந்தின் சுழற்சியையும் ஸ்விங்கின் கோணத்தையும் அளக்கும் கேமராக்களும் ரேடார்களும் வந்துவிட்டன, யாரிடம் சரக்கு இருக்கிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும், எதற்கு இவ்வளவு கூட்டம் என்பது அணிகளின் வாதம். சரக்கைக் கருவி அளக்கும், ஒத்துக்கொள்கிறேன். பிடியை ஒரு விரல் மாற்றினால் பந்து எப்படி வளையும் என்று அன்றே பார்த்துத் திருத்த முடிவது பெரிய விஷயம். ஆனால் அதே கருவிகள் வேகத்தின் பின்னால் எல்லோரையும் ஓடவிட்டு முழங்கை அறுவை சிகிச்சைகளைப் பெருக்கியிருக்கின்றன என்பதை மேஜர் லீக்கே 2024 டிசம்பர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

தாமதமாக மலர்பவர்கள் இனி என்ன ஆவார்கள் என்பதுதான் எனக்குள்ள கவலை. 1988 டிராஃப்டில் 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாக, தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசில் டாட்ஜர்ஸ் ஒரு பையனை எடுத்தது. முதல் பேஸில் ஆடிக்கொண்டிருந்தவரை கேட்சராக மாற்றி, டொமினிகன் அகாடமிக்கு அனுப்பிப் பழக்கி, நான்கு வருடம் கழித்து மேலே கொண்டுவந்தார்கள். மைக் பியாசா 2016இல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். இப்போதைய டிராஃப்ட் 600 சொச்சம் பேரோடு முடிந்துவிடுகிறது. விடுபட்டவர்களை அணிகள் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் 165 இடங்களில் ஒன்றை நான்கு வருடம் சிபாரிசில் வந்த ஒருவருக்காக எந்த அணி ஒதுக்கி வைக்கும்?